சீதன வீட்டுத் துவக்கு

வாப்பா மௌத்தாகி, அடக்கம் பண்ணி, நாற்பதாம் நாள் கத்தம். குர்ஆன் ஓதி முடிந்து, வந்தவர்கள் வட்டிலப்பத்தில் கை வைத்த நேரம் பார்த்துக் காக்கா, என் கூடப்பிறந்த ஒரே அண்ணன், துவக்கைக் கேட்டார். கேட்டதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. கேட்ட விதத்துக்குத்தான் வந்தது. போன கிழமை என் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக் கேட்பதுபோல, "தங்கச்சி, அந்தத் துவக்க எடுத்து வை, போகக்குள்ள கொண்டு போறன்" என்றார்.

"எந்தத் துவக்கு?" என்றேன். எங்கள் வீட்டில் இருந்தது ஒரேயொரு துவக்கு, வாப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

விசயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். மருதமுனையில், மருதமுனை என்ன, இந்தக் கரையில் எந்த ஊரிலும், பெண்பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். நான் ஒரே பெண் என்பதால் நாங்கள் பிறந்து வளர்ந்த வீடே எனக்குச் சீதனமானது. உம்மாவும் வாப்பாவும் பின் அறைக்கு மாறினார்கள். வாப்பா படுக்கையில் விழ முன்னரே உம்மா மௌத்தாகிவிட்டார். காக்கா இறக்காமத்தில் கலியாணம் முடித்து அங்கே மாப்பிள்ளையாகப் போனார். வாப்பாவின் வயலும் அந்தப் பக்கம்தான் என்பதால் அது அவர் கைக்குப் போனது. வீடு எனக்கு, வயல் அவருக்கு. முப்பது வருடமாக இதில் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. துவக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. அது வாப்பாவின் பெயரில், வாப்பாவின் லைசன்ஸில், பின் அறை அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் பன்பாயில் சுற்றியபடி கிடந்தது.

"வூடு ஒனக்கு, வயல் எனக்கு," என்றார் காக்கா. "துவக்கு வயல் காவலுக்கு வாங்கின சாமான். அப்ப அது வயலோட சேர்ந்தது."

"துவக்கு எங்க கிடக்கு? வூட்டுக்குள்ள. சீதன உறுதியில வீடும் அதிலுள்ள யாவும் எண்டு எழுதிக் கிடக்கு. எடுத்து வாசிக்கட்டா?"

"அப்ப வாப்பாவும் ஒன்ட சீதனத்தோட வந்தவரா?"

"ஓம். ஏழு வருசம் அவர் படுக்கையில கிடக்கக்குள்ள நீங்க அப்பிடித்தானே நடந்துக்கிட்டீங்க."

நான் சொன்னது கொஞ்சம் கூடத்தான். ஆனால் பொய்யில்லை. ஏழு வருடம் நான் வாப்பாவைத் தூக்கி வைத்தேன், துடைத்தேன், ஊட்டினேன். காக்கா நினைத்தால் ஒரு வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து, கால்மாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஒரு பிளேன்டியைக் குடித்துவிட்டுப் போவார். ஊர் என்ன சொன்னது? "வூட்ட எடுத்தவள் தானே பாக்கணும்" என்றது. பார்த்தேன். குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மனுசனிடமிருந்து கடமைக்கென்று இல்லாமல் ஒரு சாமான், ஒரேயொரு சாமான், எனக்கே எனக்கென்று வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவர் கை பட்டுப் பட்டு வழவழத்துப்போன அந்தத் துவக்கைத் தவிர வீட்டில் வேறெதுவும் அப்படி இருக்கவில்லை. அதைக் காக்காவுக்குக் கொடுப்பதில்லை என்று அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டேன்.

ஓத வந்திருந்த லெவ்வைதான் புத்தியாகப் பேசினார். "ஆருக்கு எண்டு மறுகா பாருங்க. லைசன்ஸ்காரர் மௌத்தானா துவக்க ஒடனே பொலிசில ஒப்படைக்கணும். நீங்க நாற்பது நாளா வெச்சுக்கு இரிக்கீங்க. ரெண்டு பேரையும் சேத்துத்தான் உள்ள போடுவாங்க."

அடுத்த அரை மணித்தியாலத்தில் நாங்கள் ஓட்டோவில் இருந்தோம். துவக்கு ஒரு முனை காக்காவின் மடியில், மறுமுனை என் மடியில். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவன், வேகத்தடை ஏறும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பொலிசில் மேசையில் இருந்த சார்ஜன்ட் என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். நான் இருபத்தெட்டு வருடம் கணக்குப் படிப்பித்தவள். இந்தப் பக்கத்தில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் யாராவது ஒருவர் இப்படி எழும்புவார். "டீச்சர், வாய்ப்பாட்டுக்கு அடிச்சீங்களே, ஞாபகமா?" என்றார். எனக்கு ஞாபகமில்லை. அடித்திருப்பேன்.

பழைய மாணவன் என்பதால் நாற்பது நாளை அவர் பெரிதுபடுத்தவில்லை. பன்பாயை விரித்தார். ஏழு வருடத்துக்குப் பிறகு துவக்கு வெளிச்சத்தைக் கண்டது. நாங்களும் அதைக் கண்டோம். மரப்பிடியைச் செல், அதாவது கறையான், அரித்து, விரலால் அமத்தினால் மாவாய் உதிர்ந்தது. குழல் முழுக்கத் துருப்பிடித்த கறல். சுடும்போது போய் அடிக்கிற குதிரை என்ற பாகம் அசையவே இல்லை. சார்ஜன்ட் குழலைச் சரித்துத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு குளவிக்கூடு மண்ணோடு வந்து மேசையிலிருந்த கோவைத் தாள்களில் விழுந்தது.

"டீச்சர், இதால சுட ஏலா," என்றார். "ஆராச்சும் கிட்ட வந்தா அடிக்கலாம்."

காக்கா துவக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தக் கறல் கம்பிக்கா சண்ட புடிச்சம்? நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

சார்ஜன்ட் நடைமுறையைச் சொன்னார். வாரிசு ஒருவர் தன் பெயருக்கு லைசன்ஸ் மாற்றலாம். மூன்று மாதத் தவணை. அதற்குள் துவக்கைத் திருத்தி, வேலை செய்கிறதென்று காட்டி, லைசன்ஸ் அலுவலையும் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அது அரசாங்கத்துக்குப் போய்விடும். திருத்தக் கொண்டுபோக ஒரு கடிதம் தருவார்கள். "பேசாம விட்டிருங்க டீச்சர்" என்றார். நான் கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

துவக்குத் திருத்த அனுமதியுள்ள ஒருவர் அம்பாறை நகரத்தில் இருந்தார். சிங்களவர், வயதானவர், காதில் மயிர் முளைத்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் ஏசும்போது மட்டும்தான் பேசுவார் என்பது பிறகு விளங்கியது. துவக்கைக் கழற்றினார், மூக்கருகே கொண்டுபோனார், கண்ணை மூடிக்கொண்டார்.

"டீச்சர் நோனா, இதுக்கு என்ன எண்ணெய் போட்டது?"

"தேங்காய் எண்ணெய்."

"ஏன்? துவக்குக்குத் தலை இருக்கா? சீவிப் பின்னுறதா?"

உள்ளே எண்ணெயும் தூசியும் கடற்காற்று உப்பும் சேர்ந்து தொதல் அல்வா கிண்டி வைத்தமாதிரி இறுகிப்போயிருந்தது. "இதை ஆர் செஞ்சது?" என்று கேட்டார்.

செய்தது நான்தான். வாப்பா படுத்த பிறகு, "மகள், துவக்குக்கு எண்ணெய் பூசு" என்று மாதத்துக்கு ஒருதரம் சொல்வார். என்ன எண்ணெய் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குசினியில் இருந்ததை எடுத்து, பன்பாயை அவிழ்க்காமலே உள்ளே கையை விட்டு, தலைக்கு வைக்கிறமாதிரிக் கை நிறைய ஊற்றித் தடவினேன். துவக்கைக் கெடுத்தது கடற்காற்று இல்லை, கறையான் இல்லை, நான். "எங்கட வாப்பாதான் பூசினவர்" என்று அந்த மனுசரிடம் சொல்லிவிட்டேன். மௌத்தான மனுசரில் பழியைப் போட்டதை அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

அதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, சனிக்கிழமை சனிக்கிழமையாக அம்பாறைக்குப் போய் அவருடைய பட்டறையில் உட்கார்ந்து குழலை நானே தேய்த்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இரும்பு நாரால் தேய்த்து, துணியால் துடைத்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். முதல் நாள் கை கொப்பளித்தது. இரண்டாம் நாள் அவர் ஏசுவதைக் குறைத்தார். மூன்றாம் நாள் கறலுக்குள்ளிருந்து இலக்கங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. லைசன்ஸில் இருந்த அதே இலக்கம். எனக்குச் சந்தோசத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, "மூன்றால பிரிபடும்!" என்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுருள்வில்லை மாட்டுகிற வேலையைத் தொடர்ந்தார்.

குதிரை சரியாயிற்று. விசையை இழுத்தால் டக் என்று அடித்தது. ஆனால் மரப்பிடிக்கு அவரிடம் காய்ந்த மரம் இல்லை. வரவழைத்துச் செய்ய நாலு மாதமாகும் என்றார். எனக்கு இருந்ததோ ஐந்து கிழமை.

இந்த இடத்தில்தான் இவர் உள்ளே வருகிறார். இவர் என்றால் என் கணவர். சாய்ந்தமருதுக் கடற்கரையில், தோணி கட்டுகிற குடும்பத்தில் பிறந்து, தபால் கந்தோரில் வேலை பார்த்து, முப்பது வருடத்துக்கு முன்னர் என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். தங்கமான மனுசர். ஆனால் இந்த வீட்டில் எதற்கும் அவரை யாரும் கேட்டதில்லை. யன்னலுக்கு என்ன நிறம் பூசுவது என்று கூட வாப்பாதான் சொல்வார், பிறகு நான் சொன்னேன். மரப்பிடி கதையைக் கேட்டதும் கதிரையிலிருந்து எழுந்தார்.

"எங்கட சாச்சாட மகன் செய்வான். கடல்ல பத்து வருசம் கிடந்தாலும் உக்காத மரம் அவனிட்ட இரிக்கி."

"அவன் தோணி செய்றவன். துவக்குச் செய்வானா?"

"புள்ள, மரம் மரம்தானே."

செய்தான். பழைய பிடியைப் பக்கத்தில் வைத்து அளந்து, ஆறு நாளில் செய்து முடித்தான். அழகாகத்தான் இருந்தது. அளவும் அச்சொட்டாகப் பொருந்தியது. பாரம் மட்டும் கொஞ்சம் கூடுதல், தோளில் வைத்தால் தோணியின் சுக்கானைத் தூக்கி வைத்தமாதிரி இருந்தது. அம்பாறைக்காரர் அதைத் தடவிப் பார்த்து, ஏசாமல், குழலோடு பூட்டிக் கொடுத்தார். அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடையாது.

பொலிசில் காட்ட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னர் கல்முனையில் ஒரு மௌத்து வீட்டுக்குப் போனேன். அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்தால், என் வீட்டு மதிலில் பூனை. ஒன்றில்லை. எண்ணினேன், ஒன்பது. முற்றத்தில் நாலு. குசினி வாசலில் ஒரு கடுவன், தலைவரைப் போல. உள்ளே நுழைந்தவுடன் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் நடு முற்றத்தில் பெனியனோடு உட்கார்ந்து, மடியில் துவக்கை வைத்து, ஒரு தகரப் பேணியிலிருந்து எதையோ தொட்டுத் தொட்டு மரப்பிடியில் பூசிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"யா அல்லாஹ், என்ன பூசுறீங்க?"

"சுறா எண்ணெய்," என்றார் பெருமையாக. "எங்கட வாப்பா தோணிக்கு இதத்தான் பூசுவார். செல் அரிக்காது, உப்புப் புடிக்காது. இனி நூறு வருசத்துக்குப் பயமில்ல."

"அது தோணிக்கு! தோணி கடல்ல கிடக்கும், நாத்தம் காத்தோட போகும்! இது பொலிசுக்குப் போற துவக்கு!"

"ரெண்டு நாளையில நாத்தம் போயிடும்."

போகவில்லை. சவர்க்காரம் போட்டுத் துடைத்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், சாம்பிராணி பிடித்தேன். பிறகு சாம்பிராணி பிடித்த மீன் மணத்தது. இரண்டு நாளும் பூனைகள் எங்கள் கூரையில் குடியிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண், "டீச்சர், கருவாடு போடத் தொடங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓம், ஒன்னயும் சேத்துப் போடப்போறன்" என்றேன். இவரோடு நான் கதைக்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பேணியை மூடி, தன் மேசையில், தன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்ததைப் பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் அவர் கை வைத்த முதல் சாமான் அது.

பொலிசில் துவக்கைப் பார்க்க ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். பன்பாயை அவிழ்த்ததும் இரண்டடி பின்னால் போனார். சிங்களத்தில் சார்ஜன்ட்டிடம் ஏதோ கேட்டார். என் மாணவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "டீச்சர், இது கடல்ல இருந்து எடுத்ததா எண்டு கேக்கிறார்." அதற்குள் பொலிஸ் நிலையப் பூனை மேசையில் ஏறிவிட்டது. அதை இறக்க ஒரு கொன்ஸ்டபிள், துவக்கின் இலக்கத்தைப் பார்க்க ஒரு கொன்ஸ்டபிள். இலக்கம் சரி. பின்வளவுக்குக் கொண்டுபோய் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தார்கள். கல்முனையே கேட்டிருக்கும். பூனை மதிலுக்கு அப்பால் போய்விட்டது. பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேரே தண்ணீர்ப் பைப்புக்குப் போய்க் கை கழுவினார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். லைசன்ஸ் கொடுக்கிற கச்சேரிக் கந்தோரில் என் விண்ணப்பத்தைப் பார்த்த பிள்ளை, "அன்ரி, துவக்கு எதுக்கு? காரணம் எழுதல்லியே" என்றாள்.

"எங்கட வாப்பாட துவக்கு. அதுதான் காரணம்."

"அது காணாது. வயல் இரிக்கணும், பயிர்க்காவலுக்கு எண்டு எழுதணும். ஒங்களுக்கு வயல் இரிக்கா?"

வயல் காக்காவுக்கு என்றேன். எழுதிக் கொடுத்ததா என்று கேட்டாள். இல்லை, சும்மா அவர் செய்கிறார், காணி இன்னும் வாப்பாவின் பெயரில்தான் என்றேன். அவள் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப ஒங்களுக்கும் அதில பங்கிரிக்கே. ஆம்புளப் புள்ளைக்கு ரெண்டு, பொம்புளப் புள்ளைக்கு ஒண்டு. மார்க்கத்திலயே கிடக்கு. நீங்களும் சேர்ந்து செய்றீங்க எண்டு காக்காட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

இருபத்தெட்டு வருடம் பின்னம் படிப்பித்திருக்கிறேன். மூன்றில் ஒன்று எனக்கு என்பது அந்த மேசையில்தான் என் மண்டையில் ஏறியது. வீட்டை எடுத்த பெண் வயலைக் கேட்பதில்லை. எங்கள் ஊரில் அதை வாய்விட்டுக் கேட்டவளும் இல்லை, யோசித்தவளும் இல்லை.

இறக்காமத்துக்குப் போனேன். காக்கா முற்றத்தில் நெற்சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். மச்சி, அதாவது அவருடைய மனைவி, ஸலாம் சொல்லிவிட்டுக் கதவுத் திரைக்குப் பின்னால் போய் நின்றார். நின்றார் என்பது திரைக்குக் கீழே தெரிந்த காலில் விளங்கியது.

"துவக்குத் திருந்திட்டு," என்றேன்.

"கேள்விப்பட்டன். நாறுதாம்."

"லைசன்ஸுக்கு ஒரு கடிதம் வேணும் காக்கா. வயல்ல நானும் பங்காளி எண்டு."

ஊசி நின்றது. "வயலக் கேக்கிறியா?"

"துவக்கக் கேக்கிறன்."

"துவக்கக் கேட்டா வயலக் கேட்டதுதானே! நல்ல கணக்கு டீச்சர் நீ! அந்தப் பங்க நீ எனக்கு வுட்டு எழுதித் தா, துவக்க என்ட பேருக்கு மாத்துவம். அம்மட்டுத்தான்."

"நான் தேய்ச்ச துவக்கு. கையப் பாருங்க." கையைக் காட்டினேன். "கறல் கம்பி எண்டு போட்டுட்டுப் போனது ஆரு?"

அவர் எழுந்து, வா என்று கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் பின்னால் வரம்பு ஓரமாகக் கால்மைல். கதிர் பறிய இன்னும் மூன்று கிழமை இருந்த வயல். நடுவில் ஒரு பெரிய சதுரம், புரண்டு, நசிந்து, சேறாகிக் கிடந்தது. சேற்றில் யானையின் காலடித் தடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. காவல் வாடியின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. உள்ளே காக்காவின் பாய், விளக்கு, ஒரு தகரமும் தடியும்.

"நான் உள்ள இரிக்கக்குள்ளதான் தள்ளினது," என்றார். "தகரத்த அடிச்சன். அதுக்கு அது பாட்டுக் கேட்ட மாதிரி. மறுபக்கத்தால பாஞ்சு ஓடினன். இடுப்பில சாரனும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவருடைய பாய்க்கு மேலே சரிந்து கிடந்த தடிகளைப் பார்த்தேன். சிரிப்புப் போய்விட்டது. அறுபது வயது மனுசர். துவக்கை அவர் சும்மா கேட்கவில்லை.

"யான வாற கதயக் கத்தத்தண்டே சொல்லியிருக்கலாமே?"

"நீ எங்க கதைக்க வுட்டாய்?"

வீட்டுக்குத் திரும்பினோம். காக்கா கடிதத்தாளை வைத்துக்கொண்டு எழுதவும் மாட்டாமல் வைக்கவும் மாட்டாமல் இருந்தார். தவணை முடிய ஒன்பது நாள் இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து மச்சியின் குரல் வந்தது: "யான திண்டுட்டுப் போறத்துக்குத் தங்கச்சி திண்டுட்டுப் போகட்டும். எழுதிக் குடுங்க!"

எழுதினார். வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக ஒருவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

லைசன்ஸ் வந்தது. என் பெயர் போட்ட தாளை நான் கூடத்து வெளிச்சத்தில் நாலு தரம் வாசித்தேன். நாலாம் தரம்தான் கீழே சின்ன எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது. அனுமதிப்பத்திரக்காரரைத் தவிர வேறு எவரும் இந்தத் துவக்கை வைத்திருக்கவோ பாவிக்கவோ கூடாது.

அடுத்த நாள் காலை காக்காவின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. கையில் ஒரு சட்டி எருமைத்தயிர். அவர் எனக்குத் தயிர் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. "வெளிக்கிடு," என்றார். "துவக்கு ஒன்ட பேர்ல. யான என்ட வயல்ல."

"எங்கட வயல்ல," என்றேன்.

"ஓம் ஓம், எங்கட வயல்ல. வெளிக்கிடு."

இப்படித்தான் ஐம்பத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, லைசன்ஸைப் பொலித்தீன் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நான் வயல் காவலுக்குப் போனேன். கடமையில்லாத ஒரு சாமான் வேண்டுமென்று இத்தனை பாடுபட்டவளுக்குக் கிடைத்தது இன்னொரு கடமை. ஏழு வருடம் வாப்பாவைப் பார்த்தேன், இனிக் காக்காவின் நெல்லையும் நான்தான் பார்க்க வேண்டும். இவர் வேறு, பின்னால் ஓட்டோவில், பிளாஸ்கில் தேநீரும், யானைக்குச் சுறா எண்ணெய் மணம் பிடிக்காதாம் என்ற ஒரு புதுக் கண்டுபிடிப்புமாக வந்தார்.

யானைக்கு அந்த மணத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இருக்கவில்லை. மூன்றாம் நாள் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னர், வெயில் இறங்குகிற நேரம், காட்டு ஓரத்தில் இரண்டு நின்றன. ஒன்று காதை விசிறியது. காக்கா என் முதுகுக்குப் பின்னால், இவர் காக்காவின் முதுகுக்குப் பின்னால். நான் துவக்கை வானத்துக்குத் தூக்கி, பிஸ்மி சொல்லி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இழுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது நான் வாய்க்காலுக்குள் உட்கார்ந்திருந்தேன். இவர் கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்தார், அவரில் நான் பட்டேனா அவராகவே விழுந்தாரா என்று இன்றுவரைக்கும் தெரியாது. யானைகள் போய்விட்டன. காக்கா வரம்பில் நின்று, "அல்லாஹு அக்பர்! எங்கட டீச்சர்! எங்கட டீச்சர்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

தொழுதுவிட்டு, இவர் சேறு கழுவ வாய்க்காலுக்குப் போன நேரம், நானும் காக்காவும் வாடிப் படியில் இருந்தோம். அவரவர் கலியாணம் முடிந்த பிறகு நாங்கள் சண்டையில்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். காக்கா கால்விரல்களையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, வாப்பா கடைசியா என்னத் தேடிக் கேட்டவரா?"

இதே கேள்வியை ஜனாஸாவன்றும் கேட்டார். அன்று அவர் வந்து சேரும்போது குளிப்பாட்டி முடிந்திருந்தது. "கடைசியில ஒண்டும் கதைக்கல்ல" என்று சொல்லிவிட்டேன். அது பொய். வாப்பா கதைத்தார். ஏழு வருடமும் அஸருக்குப் பிறகு தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் போனாலும் தலையைத் தூக்கி, "மகன்ட பைக்கா?" என்று கேட்பார். கடைசி நாள் மூன்று தரம் கேட்டார். "நான் இரிக்கன் வாப்பா" என்று கையைப் பிடித்தேன். "ஓம் மகள்" என்றார். பிறகு மறுபடியும், "மகன்ட பைக்கா?" அதோடு சரி. நான் அங்கே இருந்தது அவருக்குக் காற்றும் தண்ணீரும் இருக்கிறமாதிரி. இல்லாதவனைத்தான் கேட்டார். அந்த எரிச்சலில் அதைக் காக்காவுக்குச் சொல்லாமல் எனக்குள்ளேயே பூட்டி வைத்தேன். துவக்குக்கு நான் போட்ட சண்டையெல்லாம் அந்த எரிச்சல்தான்.

சொன்னேன். ஒன்றும் விடாமல், மூன்று தரம் கேட்டதையும் சொன்னேன்.

காக்கா சாரன் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான், வெடி தீர்ந்து வெறுமையாய் இருந்த துவக்கைத் தூக்கி அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேற ஆள் தொடக்கூடாது எண்டு லைசன்ஸில போட்டிரிக்கே."

"எனக்கு வாசிக்கத் தெரியும். புடிங்க காக்கா."